ஆறு வந்த வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'இலக்கியமும் இயற்கையும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வகுப்பறையில் பலமுறை பேசிய தலைப்பு. முதல், கரு, உரி எனப் பகுத்து ஒரு மணி நேரத்தை நிரப்புவது தமிழாசிரியருக்கு அரிதன்று. ஆயினும் இன்று அதனைச் செய்ய மனம் ஒப்பவில்லை. என் குடும்பத்தார் சென்ற ஒரு சிறு பயணத்தைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். அது பொழுதுபோக்குப் பயணம். ஆனால் அது என் ஆய்வேட்டின் குறையொன்றை எனக்கே காட்டிற்று. ஆகலின் அது இலக்கியச் செய்தியும் ஆகும்.

முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டுத் தந்த பின்னர், அவற்றைப் பற்றி எழுதாத தமிழறிஞர் இலர் எனலாம். நானும் எழுதினேன். வள்ளல்களின் கொடை, யாழின் அமைப்பு, வழியிடை உணவு, நிலங்களின் வருணனை என இயல்கள் அமைத்தேன். ஆனால் ஒன்றை அடிக்குறிப்போடு நிறுத்திவிட்டேன். பாணனும் கூத்தனும் தனியே செல்வதில்லை, சுற்றத்தோடு செல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்து உண்ணும் காட்சியில் உண்பது ஒரு பெருங்குடும்பம். மலைபடுகடாத்தில் 583 அடிகளுள் பெரும்பகுதி, நன்னனை நாடி மலையேறும் கூத்தர் கூட்டத்துக்குச் சொல்லும் வழி எச்சரிக்கையே. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு ஒடுங்கும் குழி எது, தினைப்புனக் காவலரின் கவண்கல் எந்தப் பக்கமிருந்து பாயும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு இறங்குவது என்பனவெல்லாம் அங்கே கூறப்படுகின்றன. தனியாள் ஒருவனுக்கு இத்துணை எச்சரிக்கை எதற்கு? கூட்டத்தில் நடை தளர்ந்தவர் இருந்திருப்பர். அவர் யாரென்று நான் கேட்கவேயில்லை.

பின்னர்க் கேட்டுப் பார்த்தேன். நம் இலக்கியத்தில் முதிய பெண் ஒருத்தி மகிழ்ச்சிக்காகப் பயணம் போகிறாளா? அகத்தில் மகள் காதலனோடு உடன்போகிறாள். நற்றாய் வீட்டில் இருந்து அழுகிறாள். செவிலி பாலை வழியில் தேடிப் போகிறாள். முதியவளுக்கு அங்கே வாய்த்த பயணம் தேடி அலைதல் ஒன்றே. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கவுந்தியடிகள் துறவி. கயிலை ஏறிய காரைக்காலம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றவர். ஊர் ஊராய்த் திரிந்த அவ்வை, மணவாழ்வை விலக்க முதுமையைக் கேட்டுப் பெற்றாள் என்பது நாடறிந்த கதை. சங்க அவ்வையும் பிற்கால அவ்வையும் வேறு வேறு என்பதை அறிவேன். நான் சொல்வது மக்கள் மனத்தில் உள்ள அவ்வையை. இம்மூவரும் வழியில் இறங்க, குடும்பத்தை விட்டு நீங்க வேண்டியிருந்தது. மக்களும் பேரரும் சூழ, கட்டுச்சோறு மூட்டையோடு, சும்மா ஓர் ஏரியைப் பார்த்துவரப் போகும் கிழவிக்கு நம் துறைகளின் பட்டியலில் ஒரு துறை இல்லை.

அப்படி ஒரு கிழவி என் வீட்டில் இருந்தார். என் அம்மாயி. அப்போது அவருக்கு 86 வயது.

இரண்டாண்டுகளுக்கு முன், ஆயுத பூசைக்கு விசைத்தறிகளை நிறுத்திய மறுநாள், ஏற்காடு செல்வதென்று வீட்டில் முடிவாயிற்று. வடநாட்டில் ரிக் வண்டியோடு அலையும் என் தம்பி அரிதாக ஊருக்கு வந்திருந்தான். ஒரு வேன் பேசினோம். என் தாயார், தம்பி, அவன் மனைவி, ஒன்பது வயது மகன், நான், என் கணவர், கல்லூரியில் சேர்ந்திருந்த என் மகள் எனக் கணக்குப் போட்டபோது, அம்மாயியைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்லலாம் என்று சொன்னவள் நான்தான். முழங்கால் வலி, இருபது கொண்டை ஊசி வளைவு, மலைக்குளிர் என்று காரணங்களை அடுக்கினேன். திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாயி சொன்னார்: "மலையப் பாக்கறதுக்கில்ல கண்ணு. அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒருக்காப் பாக்கோணும்."

அவர் சொன்ன தண்ணீர் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைச் சரிவுகளில் பிறந்து, சேலம் நகரை ஊடறுத்து, நம் வட்டாரத்து ஏரிகள் பலவற்றுக்கு நீர் தந்து, காவிரியில் கலக்கும் ஆறு. அம்மாயி அதன் கரையிலிருந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். கோடையில் மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்து, கொட்டாங்குச்சியால் மொண்டு, குடத்தில் வடிகட்டிக் குடித்த தலைமுறை. மழை பெய்து தெளிந்த நாளில் வடக்கே நீலக்கோடாகத் தெரியும் மலையைக் காட்டி, "நம்ம தண்ணி அங்க இருக்குது" என்பார். ஆண்கள் மிளகுக்கும் பலாவுக்கும் அம்மலை ஏறி இறங்கினார்கள். அவரை யாரும் அழைத்துச் சென்றதில்லை, அவரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டபோது மறுத்தவள், ஆற்றுப்படையில் பட்டம் பெற்ற அவருடைய பேத்தி. என் தாயார் ஒரு சொல்லும் பேசாமல் அம்மாயியின் கம்பளியை எடுத்துப் பையில் வைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

விடியுமுன் புறப்பட்டோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வழி. ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கக் கடை திறந்திருக்கவில்லை என்பது சிறுவனின் முதல் துயரம். இருளில் ஆற்றைக் கடந்தபோது நாற்றத்துக்காகக் கண்ணாடியை ஏற்றினோம். அடிவாரம் கடந்து வளைவுகள் தொடங்கியதும் வாந்தி எடுத்தவர்கள் என் மகளும் நானும். அம்மாயி எலுமிச்சம்பழத்தை எங்களிடம் நீட்டிவிட்டு, சன்னல் வழியே ஒவ்வொரு ஓடையையும் எண்ணிக்கொண்டு வந்தார்.

ஏற்காடு என்னும் பெயரை ஏரிக்காடு என்று விரிப்பர். காட்டுக்கு நடுவே ஏரி. நம்மூர்ப் பெயரிலோ சமுத்திரமே இருக்கிறது. பேரேரியைச் சமுத்திரம் என்று அழைத்த பழைய வழக்கு அது. சமுத்திரத்தார் ஏரியைக் காணப் போனோம். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலையில் 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்து நிற்கிறது. அதற்கும் முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கினர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. அங்கும் தொடக்கம் ஒரு குடும்பப் பயணமே.

ஏரிக்கு அருகே, காப்பித் தோட்டத்துள் இரண்டு சிறு குடில்களை வாடகைக்கு எடுத்திருந்தோம். மாலையில் எல்லாரும் படகில் ஏறினர். அம்மாயி ஏறவில்லை, கரையில் அமர்ந்து, "இதுதானா அது?" என்று கேட்டார். "ஆமான்னு சொல்லீருங்க அக்கா, சந்தோசப்படட்டும்" என்றான் தம்பி. எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. ஆறு ஓரிடத்தில் பிறப்பதில்லை. மலைச்சரிவின் பல ஓடைகள் கூடியே ஆறாகிறது என்று விளக்கினேன். "அப்போ சின்ன ஓடைதான் பாக்கோணும்" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் படுக்கையில் இல்லை. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தம்பி ஏரிப் பக்கம் ஓடினான். என் கால்கள் நடுங்கின. அவரைக் கூட்டி வந்தது பிழை என்று அப்போதும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் தேடிச் செல்லும் செவிலியின் பாடல்களை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். அங்கே தேடுகிறவள் கிழவி. காணாமற் போனவள் இளையவள். என் காலையில் அது தலைகீழாயிற்று.

குடிலுக்குப் பின்னே சரிவில் அவரைக் கண்டுபிடித்தது தம்பி மகன். கற்களுக்கிடையே ஒரு முழ அகலத்தில் ஓர் ஓடை. அருகே தோட்டத்து வேலைக்கு வந்த மலையாளி மூதாட்டி ஒருவர். இருவரும் நெடுநாள் பழகியவர்போல் குத்துக்காலிட்டுப் பேசிக்கொண்டிருந்தனர்.

"இந்தத் தண்ணி எங்கீங்க போகுது?" என்று கேட்டிருக்கிறார் அம்மாயி.

"கீழ சேலத்துக்குப் போகுதுன்னு சொல்லுவாங்க. நான் அங்கெல்லாம் போய்ப் பாத்ததில்லீங்க" என்றிருக்கிறார் அவர்.

ஒருவர் நீரின் தலையைப் பார்த்திருக்கிறார். மற்றவர் அதன் காலைப் பார்த்திருக்கிறார். இடைப்பட்ட வழியை இருவரும் கண்டதில்லை. அம்மாயி இரு கையாலும் நீரை அள்ளிக் குடித்தார். எங்களையும் குடிக்கச் சொன்னார். என் தாயார் குடித்தார், நான் குடித்தேன், என் மகள் சற்றுத் தயங்கிக் குடித்தாள், சிறுவன் குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்றான். ஒரே ஓடையில் நான்கு தலைமுறை நீர் பருகியது அன்று மட்டுமே.

திரும்பும் வழியில் உத்தமசோழபுரத்தில் இறங்கினோம். திருமணிமுத்தாற்றின் கரையில் கரபுரநாதர் கோயில் உள்ளது. பாரி மகளிருக்கு அவ்வை மணம் முடித்துவைத்த இடம் இதுவென்பது அவ்வூர் வழக்கு. தந்தையை இழந்த பெண்களுக்காக ஒரு கிழவி அலைந்து வந்து நின்ற கரை. வழிபாடு முடித்து ஆற்றைப் பார்த்தோம். புரட்டாசி மழையில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கறுத்த நீர், மேலே வெண்ணுரை. சேலத்தின் கழிவுநீரும் சாயக்கழிவும் அதில் கலப்பது இங்கே எவருக்கும் புதிய செய்தியன்று. சிறுவன் கேட்டான்: "பெரிய ஆயா, காலையில நாம குடிச்ச தண்ணியா இது?"

அம்மாயி நெடுநேரம் பார்த்தார். "தண்ணி அதேதான் சாமி. வந்த வழிதான் செரியில்ல."

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள், நதி என்றும் பொருள். ஆற்றுப்படை என்பதற்கு வழிப்படுத்துதல் என்று நானூறு பக்க ஆய்வேட்டில் எழுதியவள் நான். இரு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடத்தை அப்பாலத்தருகே, பள்ளிக்கூடம் காணாத ஒருவர் வாயால் கேட்டேன். துறை என்னும் சொல்லும் அவ்வாறே. பாட்டுக்கும் துறை உண்டு; ஆற்றுக்கும் துறை உண்டு. அம்மாயி இறங்கி நீர் மொண்ட துறையில் இன்று எவரும் கால் நனைப்பதில்லை. பாட்டில் அவருக்குத் துறையில்லாமற் போனதும், ஆற்றில் துறை அழிந்ததும் வேறு வேறு செய்திகள்தாம். ஆனால் இரண்டையும் நாம் கவனிக்காமல் இருந்தோம்.

கவிஞர் பெருமக்களே, இவ்விழா மலருக்காகப் பத்தாண்டுகளில் இங்கே அரங்கேறிய கவிதைகளைப் படிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அருவி உண்டு, முகில் உண்டு, குறிஞ்சி மலர் உண்டு. காவிரியைப் போற்றும் பாடல்கள் நிறைய உண்டு. திருமணிமுத்தாற்றின் பெயரை ஒரு கவிதையிலும் காணவில்லை. குறை கூறவில்லை, என் கட்டுரைகளிலும் அது இல்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளிவந்தது. அக்காவிரியில் கலக்கும் நம் சிற்றாற்றின் கரையோடு நடக்க எவரும் வெளியூரிலிருந்து வரப்போவதில்லை. ஆங்கில நாட்டின் ஏரிப் பகுதியில் வாழ்ந்த வேர்ட்சுவொர்த் அவ்வேரிகளைப் பாடியதோடு நில்லாமல், வழிகாட்டி நூலும் எழுதினார். 1844இல் அங்கே இருப்புப்பாதை வரவிருந்தபோது எதிர்த்தும் எழுதினார். அவர் கூறியதெல்லாம் சரியென்று வாதிட வரவில்லை. தன் ஏரியின் செய்தி தன் பொறுப்பு என்று ஒரு கவிஞர் எண்ணினார். அதுவே நமக்கு வேண்டுவது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை ஆற்றங்கரையில் நடத்துவோம். நாற்றம் வீசினாலும் சரி, மூக்கைப் பொத்திக்கொண்டு கவிதை படிப்போம். முத்து என்றும் மணி என்றும் சிலேடை செய்யாமல், கண்ணால் கண்டதை எழுதுவோம். மற்றொன்று, உங்கள் வீட்டு அம்மாயியோ அப்பாயியோ எங்காவது போகவேண்டும் என்று வாய் திறந்து கேட்டால், என்னைப்போல் காரணங்களை அடுக்காதீர்கள். கம்பளியை எடுத்துப் பையில் வையுங்கள்.

அம்மாயிக்கு இப்போது 88 வயது. நினைவு மங்கிவிட்டது. ஏற்காடு சென்றதை மறந்துவிட்டார். படகையும் குடிலையும் சொன்னால் சிரிக்கிறார். ஆனால் தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது சில நாள், "மேல இருந்து வந்ததா, கீழ இருந்து வந்ததா?" என்று கேட்கிறார். வீட்டார் மேனிலைத் தொட்டியைச் சொல்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். நான் "மேல இருந்துதான் அம்மாயி" என்கிறேன். ஏரிக்கரையில் பொய் சொல்ல மறுத்தவள் இன்று நாள்தோறும் சொல்கிறேன். அப்பொய் ஒருநாள் மெய்யாக வேண்டும் என்பதே என் விருப்பம்.