உம்மா என்றொரு சொல்

இந்த வாரம் எனக்குத் தர்வீஷின் வாரம். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981இல் தமிழில் தந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ நூலில் மஹ்மூத் தர்வீஷைத் திரும்ப வாசித்தேன். வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து ஒலுவில் வீட்டில், தாயைப் பற்றிய அவருடைய கவிதையை லெபனானியர் மார்செல் கலீஃபா 1976இல் ஊத் மீட்டிப் பாடிய ஒலிப்பதிவில் கேட்டேன். சிறுவயதிலிருந்து அரபு ஓதியும் பொருள் தெரியாத காது. ‘உம்மீ’ மட்டும் விளங்கியது: என் உம்மா. நாம் வீட்டில் கூப்பிடும் அதே சொல்! மீதியை ஒரு மௌலவி விளக்கினார். பிரிந்த மகன் தாயின் ரொட்டிக்கும் கோப்பிக்கும் ஏங்குகிறான். நாகூர் ஹனிபாவின் கம்பீரத்தில் வளர்ந்த நமக்கு இந்த அடங்கிய குரல் முதலில் சப்பென்றிருக்கும். எனக்கு அதுவே பிடித்தது. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நண்பரொருவரும் உடனிருந்தார். அவருக்கும் அரபு விளங்காது. முடிந்ததும், “இன்னொருக்காப் போடுங்க” என்றார்.