23 கிலோ பெட்டியில் கொஞ்சம் நூலும் ஊசியும்

(நம் குடியிருப்பின் தையல் வகுப்பு ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியது)



தையல் வகுப்புப் பெண்கள் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த தையல், பிய்ந்துபோன சட்டைப் பொத்தானைத் தைப்பதோடு சரி. அதனால் என்னைப் பற்றிப் பேசாமல், என் தங்கை மகளைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் வீட்டிலும் இருபது, இருபத்தைந்து வயதில் ஒரு பெண் இருந்தால் இது பயன்படும்.

அவள் எம்பிராய்டரியில் கெட்டிக்காரி. கல்லூரி முடித்ததும், "மாமா, நான் ஜெர்மனிக்கு ஓ பேராகப் போகப்போறேன்" என்றாள். ஓ பேர் என்றால் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியைக் கற்பது. என் தங்கை அழுதே விட்டாள். "பட்டம் வாங்கிட்டு ஆயா வேலைக்கா போவா?" என்றாள்.

நான் வங்கிக்காரன். முதலில் காகிதத்தைக் கேட்டேன். விதிகள் தெளிவாகவே இருந்தன. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது. ஏ1 நிலை ஜெர்மன் தெரிய வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ தனி. அதிகபட்சம் ஒரு வருடம். யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்தாலும் கையில் 28,000தான். சம்பாதிக்கப் போகிற இடமில்லை, கற்றுக்கொள்ளப் போகிற இடம். அது புரிந்ததும் தங்கையைச் சமாதானப்படுத்தினேன். 'ஓ பேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'சமமாக' என்றுதான் பொருள் என்றும் சொன்னேன்.

அதுவரை சரியாக நடந்துகொண்ட மாமா, பெட்டி கட்டும் அன்று தவறு செய்தேன். விமானத்தில் அனுமதித்த எடை 23 கிலோ. அவள் தையல் மெஷினை எடுத்துப் போக ஆசைப்பட்டாள். சின்ன மெஷினே ஐந்தாறு கிலோ வரும். வேண்டாம் என்றேன், அது நியாயம். ஆனால் எம்பிராய்டரி வளையம், நூல்கண்டுகள், ஊசிப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அந்த இடத்துல ரெண்டு கிலோ பருப்புப்பொடி வை" என்றேன். பாவம், பதில் பேசவில்லை. நான் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் பொடியில் பாதியை எடுத்துவிட்டு வளையத்தையும் நூலையும் உள்ளே வைத்துவிட்டாள். இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் போய்ச் சேர்ந்தது லைப்சிக். 1884இல் தொடங்கிய மாபெரும் பஞ்சாலை ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. இப்போது அங்கே ஓவியர்கள் வேலை செய்கிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பேசிப் பழக ஆளில்லை, மொழியும் வரவில்லை. "மாமா, ராத்திரி அந்த வளையத்தைக் கையில எடுத்தாத்தான் நான் நானா இருக்கேன்" என்று போனில் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அங்கே பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் 'ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே' என்ற நிலையங்கள் உண்டு. குறைந்த கட்டணத்தில் மொழியும் கற்கலாம், தையலும் கற்கலாம். மொழி வகுப்புக்குத்தான் 70 யூரோ, தையலுக்குத் தன் கைப்பணத்தைக் கட்டிச் சேர்ந்தாள். ஊசிக்கு நாடெல், நூலுக்கு ஃபாடென், கத்தரிக்கோலுக்கு ஷேரெ. மொழி வகுப்பில் வாய் திறக்கக் கூசியவள், தையல் மேஜையில் பேச ஆரம்பித்தாள்.

இனி சொல்லப்போகும் இரண்டையும் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு நாள், அவள் பார்த்துக்கொண்ட பையனின் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. அதன்மேல் ஒரு யானை தைத்துக் கொடுத்தாள். வீடே மகிழ்ந்தது. அடுத்த வாரம் அவள் அறை வாசலில் ஒரு கூடை நிறையக் கிழிந்த துணி இருந்தது. மறுக்கவும் பயம், ஏற்கவும் மனசில்லை. என்னைக் கேட்டாள். "சண்டை வேண்டாம். இது என் 30 மணி நேரத்தில் சேருமான்னு மட்டும் மரியாதையாக் கேளு" என்றேன். கேட்டாள். அந்த அம்மாள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாராம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இவள் ரஃபூ போடச் சொல்லிக்கொடுத்தாள், அவர் ஜெர்மன் திருத்தினார். 'சமமாக' என்ற சொல் அந்த வீட்டுக்குள் அன்றுதான் வந்தது.

இரண்டாவது, பணம். கிறிஸ்துமஸுக்கு முன் 24 நாளுக்கு 24 குட்டிப் பைகள் தொங்கும் துணி நாட்காட்டியை அங்கே குழந்தைகளுக்கு வைப்பார்கள். இவள் தைத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டார், ஒன்றுக்கு 40 யூரோ, ஆறு வேண்டும் என்றார்கள். மொத்தம் 240 யூரோ, ஏறக்குறைய ஒரு மாதக் கைப்பணம். எனக்கும் ஆசைதான். ஆனாலும், "அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கு, படி" என்றேன். ஓ பேர் பணிக்கு மட்டும் என்று இருந்தது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டாள், தனியாகத் தொழில் செய்ய முடியாது என்றார்கள். ஆர்டரை மறுத்துவிட்டு, ஒன்றை மட்டும் அன்பளிப்பாகத் தைத்துக் கொடுத்தாள். அன்று இரவு அழுதாள். நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாவுக்கு முன்னால் 240 யூரோ பெரிதில்லை.

கடைசி மாதம் அந்தப் பையன் பள்ளியில் சேர்ந்தான். முதல் நாள் மிட்டாய் நிரப்பிய பெரிய கூம்பு ஒன்றைக் குழந்தை கையில் கொடுப்பது அங்கே வழக்கம். அந்தப் பகுதியில் அதற்குச் சர்க்கரைக் கூம்பு என்றே பெயர். அதற்கு மேலுறையை இவளும் அந்த அம்மாளும் சேர்ந்து தைத்தார்கள். ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் அவன் பெயர். அந்தப் போட்டோ இப்போது என் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. "ஆயா வேலைக்கா?" என்று அழுதவள்தான் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெண் கிளம்பினால் இதைச் செய்யுங்கள். மெஷினை விட்டுவிடுங்கள், வளையமும் நூலும் போகட்டும். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். ஒப்பந்தத்தில் வேலை நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொகைகள் மாறக்கூடும், தூதரக இணையதளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். தைத்ததை அங்கே விற்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள்.

இத்தனை வருடம் வரவு செலவு எழுதியவன் நான். அந்த அரைக் கிலோ நூலைச் செலவுப் பக்கத்தில் எழுதியது என் பிழை.