பனமலைச் சுவரில் ஒரு பல்லவ ஓவியம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பழங்கலை பெரும்பாலும் காட்சிக்கூடத்தில் இல்லை. மக்கள் நடமாடும் வழியிலேயே, ஏரிக்கரையிலும் குன்றின் சரிவிலும், காவலும் அறிவிப்பும் மிகக் குறைவாக இருக்கும் இடங்களில் அது நிற்கிறது. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றில் பாறைக்கீறல்கள் உண்டு. கீழ்மாவிலங்கையில் திருமாலுக்குக் குடைந்த மிகச் சிறிய பல்லவர் குடைவரை உண்டு. விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையில், விலங்கின் மேல் அமர்ந்த ஒருவரையும் அவரை எதிர்கொள்ளும் ஒருவரையும் செங்காவியால் தீட்டிய பாறை ஓவியம் உண்டு. இவற்றுள் வண்ணத்தாலும் கோட்டாலும் ஒருவரை நெடுநேரம் நிறுத்திவைக்கும் ஆற்றல் பெற்றது பனமலை ஓவியம். தென்னகத்துச் சுவரோவியங்களைப் பற்றிய பேச்சு அஜந்தாவில் தொடங்கிச் சித்தன்னவாசல் வழியாகத் தஞ்சைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது; பனமலைக்கு அந்த வரிசையில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

விழுப்புரத்துக்கு வடமேற்கே, செஞ்சிக்குத் தெற்கே உள்ள சிற்றூர் பனமலை. நந்தன் கால்வாய் வந்து சேரும் ஏரிக்காகவே செய்தித்தாள்களில் இவ்வூரின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஏரியை ஒட்டிய குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய ராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி எடுப்பித்த கற்றளி, அதாவது கல்லை அடுக்கிக் கட்டிய கோயில், இது. விமானத்தின் மூன்று பக்கச் சுவர்களையும் ஒட்டி, தனித்தனிச் சிறு கருவறைகள் போன்ற துணைச் சன்னிதிகள் அமைந்துள்ளன. அவற்றுள் வடபுறச் சன்னிதியின் சுவரில்தான் ஓவியம் எஞ்சியிருக்கிறது. பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

எஞ்சியிருப்பது தேவியின் உருவம். ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடித்து, உடலைச் சற்றே சாய்த்து அவள் நிற்கிறாள். தலை, இடை, முழங்கால் ஆகிய மூன்று இடங்களில் உடல் வளையும் இத்தகைய நிலையைச் சிற்ப நூலார் திரிபங்கம் என்பர். தலையில் உயர்ந்த மகுடம். அதற்கு மேலே ஒரு குடை. முகம் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. அவள் பார்ப்பது சிவனின் ஆடலை. ஆனால் ஆடுபவனின் உருவம் பெரும்பகுதி உதிர்ந்து, சில கோடுகளும் வண்ணத் திட்டுகளுமே மிச்சம். ஆடலின் விசையைக் காட்டும் வாய்ப்பு இவ்வாறு பறிபோன பின்னும், அதைக் கண்டு நிற்பவளின் கழுத்துச் சாய்வும் இமையின் தாழ்வுமே அந்த ஆடலை உணர்த்திவிடுகின்றன. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் கோடு தயங்காமல், திருத்தப்படாமல், ஒரே இழுப்பில் வந்தது போலத் தோன்றுகிறது. தோளில் அது தடித்தும் விரல்களில் மெலிந்தும் போகிறது. வண்ணம் பாதி போய்விட்டதால் ஓவியம் தாழ்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. வண்ணம் போனதால்தான் ஓவியனின் கை எவ்வளவு உறுதியானது என்பதை இன்று பார்க்க முடிகிறது.

இந்த ஓவியம் எதன்மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கருங்கல்லின் மேல் வண்ணம் நேரே சீராகப் பிடிக்காது. எனவே சுண்ணமும் மணலும் கலந்த சாந்தை மெல்லிய தோலாகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் முதலில் உருவத்தின் விளிம்பைக் கோட்டால் வரைந்து, பிறகு வண்ணம் நிரப்புவது பழைய முறை. காவிக்கல், மஞ்சட்காவி, சுண்ண வெள்ளை, கரி முதலியவை வண்ணப்பொருள்கள். கரி தவிர மற்றவை மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் பெறப்பட்டவை; இவை ஒளியில் எளிதில் வெளிறுவதில்லை. சாந்து கல்லை விட்டுக் கழன்றால் மட்டும் வண்ணமும் அதனோடு போய்விடும்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. பனமலைக்கு அருகிலேயே உள்ள மண்டகப்பட்டில், ராஜசிம்மனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு, அவன் முன்னோனாகிய முதலாம் மகேந்திரவர்மன் மும்மூர்த்திகளுக்கு ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எனப்படும் சுண்ணச் சாந்து ஆகியவை இன்றியே இதனைப் படைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவன் பெருமையோடு அறிவித்தான். அழியக்கூடிய பொருள்களைத் துறப்பதே அவன் நோக்கம். சித்திரகாரப்புலி என்ற பட்டம் பூண்ட அந்த மன்னனே விலக்கிவைத்த சுதைதான், பனமலையில் தேவியின் முகத்தை ஏந்தி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்து வந்திருக்கிறது. மண்டகப்பட்டின் பாறை காலத்தை வென்றது வியப்பில்லை. விரல்நுனி பட்டால் உதிரக்கூடிய ஒரு பூச்சு நிலைத்ததே வியப்பு.

கைப்பேசி எல்லோர் கையிலும் வந்த பிறகு, குன்றேறுவோர் இந்த ஓவியத்தைப் படம் எடுக்காமல் இறங்குவதில்லை. ஒளிப்படம் கலையைக் கெடுக்கிறது என்ற பொதுப்பேச்சு இங்கே பொருந்தாது. வாயில் வழியே வரும் வெளிச்சத்தில் கண் தவறவிடும் அணிகலன் வேலைப்பாட்டையும் ஆடையின் கோலத்தையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் கண்டுகொள்ள முடிகிறது. அமெரிக்கரான ஜான் ஹார்மன் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்னும் மென்பொருள், ஒன்றோடொன்று ஒட்டிய நிறங்களை விலக்கிக் காட்டுவதால், வெளிறிய காவிக்கோடுகளைப் பாறையிலிருந்து பிரித்துப் படிக்க உலகெங்கும் பயன்படுகிறது. கீழ்வாலை போன்ற இடங்களுக்கு அது பெரிதும் ஏற்றது. ஆயினும் அது தரும் பச்சையும் ஊதாவும் ஓவியன் இட்ட நிறங்கள் அல்ல. கோட்டைப் படிப்பதற்கு மட்டுமே அந்தப் படத்தை நம்பலாம். உருவத்தின் அளவையும் எந்தப் படமும் தருவதில்லை. சுவரின் முன் நிற்கும் மனித உடலுக்கும் தேவியின் உடலுக்கும் உள்ள உறவு நேரில் சென்றவருக்கே கிடைக்கும். உள்ளே நுழைந்தவுடன் படம் எடுத்துத் திரும்புபவருக்கு அதுவும் கிடைக்காது. கண் அந்த அரையிருளுக்குப் பழகும்வரை காத்திருந்தால்தான் குடையின் விளிம்பு முதலில் தெரிந்து, பிறகு மகுடமும், அதன் பிறகே முகமும் தெளியும்.

சுவரைத் தொடுவதும், அதில் பெயரைக் கீறுவதும், சூடத்தின் புகை படியவிடுவதும் சாந்தைத் தளர்த்தும் செயல்கள். சாந்து தளர்வது நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாத அளவு மெதுவாக நடப்பது ஆகையால், ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், சுவரைத் தொடாமல் ஓரமாகப் பிடித்த அளவுகோலோடும் நாள் குறித்தும் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஒளிப்படம் அதைப் பிடித்துக்காட்டும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்கள் தொல்லியல் துறையின் இசைவோடு இந்தப் பணியை மேற்கொள்ளலாம். மாணவர் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது முந்தைய ஆண்டின் படத்தையும் இவ்வாண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து, தேவியின் தோளருகே எந்த விளிம்பு சுருங்கியிருக்கிறது என்று அளந்து எழுதலாம். அந்தக் குறிப்புகள், பூச்சை எந்த இடத்தில் முதலில் ஒட்டவைக்க வேண்டும் என்பதைப் பாதுகாப்பு வல்லுநர்களுக்குக் காட்டும்.