கண்ணகி சமைத்த உணவு
(ஒத்தக்கடையில் தமிழாசிரியர்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கலைத் திருவிழா வந்தால் நாம் மேடையேற்றுவது ஒரே காட்சியைத்தான். தலைவிரி கோலம், கையில் சிலம்பு, பாண்டியன் அவை. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘கோவலன் சரித்திரம்’ விடிய விடிய நடந்த மண் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணகி என்றால் கோபம் மட்டும்தானா?

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடச்சனேந்தல் இருக்கிறது. ‘கடைச்சிலம்பு ஏந்தல்’ என்பதே அப்படி ஆனது என்பார்கள் ஊர்க்காரர்கள். பெயராய்வு ஒப்புமோ ஒப்பாதோ, மாணவரைக் கதைக்குள் இழுக்க அது போதும். மதுரைக்கு வெளியே, மாதரி வீட்டில் அவர்கள் தங்கிய அந்தப் பொழுதைக் கொலைக்களக் காதையில் எடுத்துப் படியுங்கள்.

வணிகர் வீட்டுப் பெண் காய் நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. பனையோலைத் தடுக்கில் கணவனை உட்காரவைத்து, குருத்து வாழையிலையில் சோறு படைக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் பேசுகிறான்: பெற்றோரை மறந்தேன், உனக்குக் கொடுமை செய்தேன், ‘எழு’ என்றதும் எப்படியம்மா என்னோடு கிளம்பினாய்?

அவள் சொல்லும் பதில்தான் எனக்கு முக்கியம். மாமன் மாமிக்குத் தெரியாமல் துயரத்தைச் சிரிப்பால் மறைத்ததைச் சொல்கிறாள். நீங்கள் செய்தது பெரியோர் விரும்பாத ஒழுக்கம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். வாய் பேசாத பத்தினி என்று நாம் எழுதிப்போடும் குறிப்புகளில் இந்த வரி வருவதில்லை. அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். எதிரே காளை மறிக்கிறது. ஆயர்களுக்கு அது தீ நிமித்தம். வணிகர் குலத்தவனான அவனுக்கு அது தெரியாது. அவன் கொலைப்படுமுன் கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

இதற்கு வாடகை உடை வேண்டாம். ஒரு பாடவேளை, இரண்டு குரல், ஒரு வாழையிலை போதும். ஒன்பதாம் வகுப்பில் செய்து பாருங்கள். கண்ணகியாக வாசிக்கும் பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த வரியை அவள் கோபமாகச் சொன்னாளா, அழுதுகொண்டா, இல்லை, இலையை எடுத்துக்கொண்டே சாதாரணமாகவா? மூன்று விதமாகவும் வாசிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பே முடிவு செய்யட்டும்.