ராக் பாடலில் கவிதை



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்றில் ராக் இசைப்பாடல் பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மின்கிதாரும் டிரம்ஸும் எழுப்பும் ஆரவாரத்தில் கவிதைக்கு இடமேது என்னும் ஐயம் புதியதன்று. 2016ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு அறிவிக்கப்பட்டபோது எழுத்தாளருலகம் இரு அணியாய்ப் பிரிந்தது. ஹோமரும் சாஃபோவும் இயற்றியவை கேட்பதற்கென்றே பிறந்தவை, இன்றும் அவை படித்து மகிழப்படுகின்றன என்பதே சுவீடிய அகாதமியின் அன்றைய செயலர் சாரா டேனியஸ் அளித்த விடை.

தமிழர்க்கு இவ்விடை அயலானதன்று. பரிபாடற் பாடல்கள் பலவற்றுக்குப் பண்ணும் இசை வகுத்தோர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அவ்விசை மறைந்தது, சொல் கவிதையாகவே நிற்கிறது.

ஆயினும், சொல்லை மட்டும் பிரித்தெடுத்து எடைபோடுவது ராக் பாடலுக்கு நீதியாகாது. டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965இல் வெளிவந்தது. ஆறு மணித்துளிகளுக்கு மேல் நீள்வது. செல்வத்தில் திளைத்துப் பின் தெருவுக்கு வந்த பெண்ணொருத்தியை நோக்கி எழும் வினாவே அதன் பல்லவி. நான்கு முறை வரும் அவ்வினா ஏட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குரலிலோ, முதலில் ஏளனமாய் ஒலிப்பது போகப்போக இரக்கமாகிறது. இறுதியில் விடுதலைக்கான அழைப்பாகவும் கேட்கிறது. சொல் மாறாமலே பொருள் வளர்கிறது.

கனடாவின் லெனார்ட் கோஹன் வேறு வழியாய் வந்தவர். 1956இல் முதற் கவிதைத் தொகுதி. 1967இல்தான் முதல் இசைத்தட்டு. கவிஞராய்ப் பெயர் பெற்றவர் பாடலைத் தேர்ந்தது இறக்கமன்று.

யாப்பமைந்த செய்யுளெல்லாம் கவிதையாகாதது போலவே, ராக் பாடலெல்லாம் கவிதையாகிவிடாது. தேர்ந்து சுவைப்பதே திறனாய்வு.

2016 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோம் விழாவுக்கு டிலன் செல்லவில்லை. அவர் பாடலைப் பாடகி பாட்டி ஸ்மித் பாடினார். நடுவே சொல் தடுமாறிற்று. மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்தை மீண்டும் பாடினார், அவை கைதட்டிற்று. அச்சேட்டில் கவிதை தடுமாறுவதில்லை. பாடப்படும் கவிதையோ ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரின் மூச்சை நம்பியே உயிர்க்கிறது. பாடல்கள் பாடுவதற்கே உரியவை, படிப்பதற்கல்ல என்று டிலனும் தம் 2017 நோபல் உரையில் வலியுறுத்தினார்.

ஆதலின், கவிஞர்கள் இப்பாடல்களை முதலில் கேட்க வேண்டும். கேட்டபின் படிக்க வேண்டும். படித்தபின் மீண்டும் கேட்க வேண்டும்.