அறிவும் ஒழுக்கமும்: கொள்ளைநோய் கற்பித்த பாடம்



நன்மை இன்னதென்று அறிந்த பின்னரும் மனிதன் அதனைச் செய்ய ஏன் தயங்குகிறான்? சமயப் பெரியோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவைக் கொவிட் கொள்ளைநோய் நமது வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அதுபற்றியே இன்று சில கூற விரும்புகின்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. அம்மாதம் 20ஆந் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக, முகக்கவசம் அணிக, விலகி நிற்க என்னும் விதிகளைச் சிறு பிள்ளைகளும் பாடமாக்கிவிட்டனர். எனினும், நாட் செல்லச் செல்ல, முகக்கவசம் பலருடைய நாடிக்குக் கீழே தொங்கியது. இதற்கு அறியாமையா காரணம்? அன்று.

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையினர், காசநோயைக் கண்டறிய இலவசமாக மார்புப் படம் எடுக்கும் வசதியை மக்கள் வாழுமிடங்களுக்கே கொண்டு சென்றனர். ஆயினும் பலர் வரவில்லை. அதன் காரணத்தை ஆராய்ந்த உளவியலாளரின் முடிபை நான்கு கேள்விகளாகச் சுருக்கிக் கூறலாம். இந்நோய் எனக்கு வருமா? வந்தால் கேடு பெரிதா? சொல்லப்படும் வழியாற் பயன் உண்டா? அவ்வழியிற் செல்ல எனக்குள்ள இடர் எவ்வளவு?

இவற்றை நமக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலிரு கேள்விகளுக்கும், "நமக்கு வராது; வந்தாலும் தடிமனைப்போற் போய்விடும்" என்று நம்மை யொத்த இளைஞர் விடை கூறினர். தம்மால் வீட்டிலுள்ள பாட்டிக்கு வருமே என்பதை எண்ணினாரில்லை. மூன்றாவது கேள்வியோ மிகக் கடினமானது. காவல் பலித்தால் ஒன்றுமே நிகழ்வதில்லை. நிகழாத ஒன்றைக் கண்ணாற் காண்பதெங்ஙனம்? நான்காவதற்கு ஏழையே விடை கூறவேண்டும். அன்றன்று உழைத்து உண்பவனுக்கு வீட்டிலிருத்தல் பட்டினியிருத்தலாகும். அவனை "ஒழுங்கற்றவன்" என்று இகழ்ந்தது நமது பிழை.

நிற்க. மரண வீட்டுக்குச் சென்று மீண்டவர் முழுகாமல் தம் வீட்டினுட் புகாத வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, காவலரும் வேண்டியதில்லை. ஏன்? இளமையிலேயே பழகியது, எல்லோரும் செய்வது, கிணறும் அருகிலேயே உள்ளது. பழக்கமும் அயலாரின் முன்மாதிரியும் வசதியும் ஒருங்கு சேர்ந்தால் விதி ஆசாரமாகிவிடுகின்றது. அச்சம் சில கிழமைகளில் தேய்ந்துவிடும், ஆசாரம் தேய்வதில்லை.

ஆனால் ஆசாரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. நோயைத் தள்ளிவைக்குமாறு நமக்குக் கூறப்பட்டது. நாமோ நோயாளியையும் தள்ளிவைத்தோம். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டைத் துடக்கு வீடாக்கி, நோய் நீங்கிய பின்னரும் அவ்வாசலை விலகி நடந்தோம். இதன் பயன் யாது? வெட்கத்திற்கு அஞ்சியவன் தன் காய்ச்சலை மறைப்பான். மறைத்த காய்ச்சல் பத்து வீடுகளுக்குப் பரவும். மனிதரை மனிதர் தீண்டலாகாது என்ற பழைய பாவத்தைச் சுகாதாரத்தின் பெயரால் மீண்டும் வளர்த்தல், சமயத்திற்கும் அடாது; மருத்துவத்திற்கும் அடாது.

சகோதரர்களே! இன்னொரு கொள்ளைநோய் வராதென்று எவரும் உறுதி கூறார். அது வருமுன்னரே நமது சங்கம் செய்யக்கூடியவை மூன்று உள. ஆலய வாசலிலே தண்ணீரும் சவர்க்காரமும் என்றும் இருக்கச் செய்வோம். தனித்திருக்க நேரும் வீட்டுக்கு அரிசியும் மரக்கறியும் கொண்டு சேர்க்க ஓர் ஒழுங்கு வகுப்போம். வேலிக்கு இப்பால் நின்றேனும், "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று நாள்தோறும் விசாரிக்கப் பழகுவோம். விதியைக் காக்குமாறு பிறரிடம் கேட்குமுன், அதனைக் காத்தல் அவர்க்கு இயலுமாறு செய்வதே தொண்டு.