நான்கு எழுத்தும் ஆறு ஒலியும்

(குருவிட்டவில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள். ஓ, யூ, ஜீ, எச் என்பன அவை. இந்நான்கும் இதே வரிசையில் சேர்ந்து வரும் சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் பெருஞ் சோதனையாக இருக்கின்றன. விழா மேடையில் பேச இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணலாம். வகுப்பில் வாசிக்க எழுந்த ஒரு பிள்ளை இச்சொற்களில் ஒன்றைத் தவறாக உச்சரிக்கிறது. மற்றவர்கள் நகைக்கிறார்கள். அன்றோடு அப்பிள்ளை ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆகையால் இதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். காலையில் ரொட்டிக்குப் பிசைந்து வைக்கும் மாவு, 'டோ'. பாட்டியின் இருமல், 'கொஃப்'. றப்பர் மரத்தின் கிளை, 'பௌ'. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ் குருவிட்ட ஊடாகப் போகிறது. அந்த 'ஊடாக' என்பது 'த்ரூ'. முழுமையான என்று பொருள்படுவது 'தரா'. போதும் என்பது 'இனஃப்'. இந்த ஆறு சொற்களும் முடிவது அதே நான்கு எழுத்துகளில்தான். ஆனால் அந்த முடிவு ஆறு சொற்களில் ஆறு விதமாக ஒலிக்கிறது.

தமிழிலும் ஓரெழுத்துக்குப் பல ஒலி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கடல், தங்கம், மகன் என்ற மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆனால் தமிழில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்தின் பின் ஒன்று, உயிரொலிகளின் இடையில் ஒன்று. யாரும் சொல்லித் தராமலே நம் குழந்தை அதனை அறிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த நான்கு எழுத்துகளைப் பொறுத்தவரை இடம் உதவுவதில்லை. 'டோ', 'கொஃப்', 'பௌ' மூன்றிலும் முன்னால் நிற்பது ஒரே ஓர் எழுத்து. அப்படியிருந்தும் மூன்றும் மூன்று வழி போகின்றன.

இதற்குக் காரணம் என்ன? பழைய ஆங்கிலத்தில் இவ்வெழுத்துகளில் பலவற்றின் இறுதியில் தொண்டையருகே எழும் உரசொலி ஒன்று இருந்தது. 'எஃகு' என்று சொல்லும்போது நம் ஆய்தம் எழுப்பும் ஒலிக்கு அது சற்றே ஒப்பானது. 1066-ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், எழுத்தர்கள் அவ்வொலியை ஜீ, எச் என்ற இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் நாளடைவில் ஊன்றியது. பின்னர் அவ்வொலியே மாறலாயிற்று. சில சொற்களில் அது அடியோடு மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' என்று ஆயிற்று. முன்னிருந்த உயிரொலிகளும் மாறின. இந்த மாற்றங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மினிஸ்டரில் அச்சகம் அமைத்தார். அச்சேறிய எழுத்து நாளடைவில் நிலைத்துவிட்டது. பேச்சோ நில்லாமல் ஓடியது. ஜேர்மன் மொழியில் அந்தப் பழைய ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏரியைக் குறிக்கும் ஸ்கொட்லாந்துச் சொல்லிலும் அதனைக் கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விக்கலை ஆங்கிலேயர் 'ஹிக்கப்' என்பர். அதுவும் ஒருவகை இருமல்தானே என்று கருதி, இருமலின் எழுத்துகளை அதன் வாலில் ஒட்டி எழுதினர் சிலர். ஒலி மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியது. அமெரிக்கரோ இத்தகைய சொற்கள் சிலவற்றைத் திருத்திக்கொண்டனர். கலப்பையைக் குறிக்கும் 'பிளௌ' என்னும் சொல்லின் இறுதியில் இங்கிலாந்தில் இந்த நான்கு எழுத்துகள் நிற்க, அமெரிக்காவில் இரண்டே எழுத்துகள் நிற்கின்றன.

அன்பர்களே, இந்தக் கதையிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இச்சொற்களைப் பார்த்தவுடன் சரியாக வாசிப்பது அறிவின் அளவுகோல் அன்று. முன்னர் காதால் கேட்டவன் சரியாகச் சொல்வான், கேளாதவன் தடுமாறுவான். அவ்வளவே.

நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். எழுத்தறியாத அவர்கள் துரைமாரின் மொழியைக் காதாலேயே பிடித்தார்கள். 'லைன்' அவர்கள் நாவில் லயம் ஆயிற்று. 'பரேட்' பெரட்டு ஆயிற்று. 'கொன்ட்ராக்ட்' கொந்தரப்பு ஆயிற்று. தமிழ் நாவுக்கு ஏற்ப வடித்தெடுத்த சொற்கள் அவை. நம் இரத்தினபுரி மாவட்டத்தில் பட்டை தீட்டாத மாணிக்கக் கல்லை 'ரஃப்' என்பர். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிக்கு 'ட்ரொஃப்' என்று பெயர். இரண்டிலும் அந்த நான்கு எழுத்துகளே இருக்கின்றன. காதால் கேட்டுப் பழகியவருக்கு இவற்றில் இடர் ஏதும் இல்லை. முன்னோருக்குக் காது இருந்தது, எழுத்து இல்லை. நம் பிள்ளைகளுக்கு எழுத்து இருக்கிறது, கேட்கும் வாய்ப்புத்தான் குறைவு. இரண்டையும் இணைப்பதே நம் கடமை.

அதற்கு வழி என்ன? சொற்களைத் தனித்தனியே மனனஞ் செய்யாமல் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். இந்நான்கின் பின்னே 'டீ' என்ற எழுத்தும் வந்தால் ஒலி பெரும்பாலும் ஒன்றே. வாங்கினான் 'போட்', கொண்டுவந்தான் 'ப்ரோட்', நினைத்தான் 'தோட்', போரிட்டான் 'ஃபோட்', தேடினான் 'ஸோட்'. வறட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்' இக்குடும்பத்தில் சேராதது என்று குறித்துக்கொண்டால் போதும். கரடு 'ரஃப்', கடினம் 'டஃப்', போதும் 'இனஃப்' என்பன இன்னொரு குடும்பம். இருமலும் தொட்டியும் மற்றொன்று. கிளையும் கலப்பையும் வேறொன்று. கிழமைக்கு ஒரு குடும்பம் படித்தால் ஒரு தவணைக்குள் இந்தப் பயம் விலகிவிடும்.

நம் சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் என்பது அதன் பொருள். அறிந்தவன் கையில் இருந்து அறியாதவனை வெட்டும் வாள் என்று அவர்கள் நொந்து வைத்த பெயர் அது. அந்த வெட்டு நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் புதிதன்று. 1987-இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வைத்தது. இணைக்க வந்த மொழி நம் பிள்ளைகளைப் பிரித்து வைக்க நாம் இடங்கொடுக்கலாமா?

ஆகவே இளைஞர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் வாரத்தில் ஒரு மாலை சிறுவரைக் கூட்டி, ஆங்கிலத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்களையும் வாசிக்கச் செய்யுங்கள். பிழை நேர்ந்தால் திருத்துங்கள், நகைக்காதீர்கள். ஆங்கிலேயரே திருத்தாமல் விட்ட குளறுபடிக்கு நம் வீட்டுக் குழந்தை ஏன் தலைகுனிய வேண்டும்?